பால் சர்க்கரையால் வரும் கண்புரை: என்சைமைத் தடுக்கும் மாத்திரையைக் கர்ப்பிணி சாப்பிடலாமா?

முக்கூடல்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

அவளைத் தாய்மாமன் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்தோம், வீரவநல்லூரில் இருக்கிறாள். முதல் பிள்ளை பெண். பிறந்தபோது ஒரு குறையும் இல்லை, நல்ல எடை, நன்றாகப் பால் குடித்தாள், மஞ்சள்காமாலைகூட வரவில்லை. மூன்றாவது மாதம் மொபைலில் போட்டோ எடுத்தபோது இரண்டு கண்மணியிலும் வெள்ளையாக ஏதோ தெரிகிறதே என்று என் மனைவிதான் கவனித்தாள். முதலில் காட்டிய இடத்தில் வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதை நம்பி ஒன்றரை மாதம் போய்விட்டது. அதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அப்புறம் வேறு இடத்தில் பார்த்து, இரண்டு கண்ணிலும் புரை என்று தெரிந்து, ஆபரேஷன் செய்து, ரத்தமும் சிறுநீரும் சோதித்ததில் காலக்டோகைனேஸ் என்ற என்சைம், அதாவது நொதி, குறைவு என்று சொன்னார்கள். பாலில் இருக்கிற சர்க்கரையை அவள் உடம்பு செரித்துக்கொள்ளாதாம். பாலை அடியோடு நிறுத்தியாயிற்று. இப்போது இரண்டரை வயது, தடித்த கண்ணாடி போட்டிருக்கிறாள், நன்றாக ஓடியாடுகிறாள், ஆனால் இடது கண்ணில் பார்வை குறைவுதான்.

தங்கச்சிக்கு இப்போது ஏழாவது மாதம் நடக்கிறது. போன வாரம் குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து 2 மணி நேரம் கழித்து எடுத்ததில் 168 வந்திருக்கிறது, கர்ப்பகாலச் சுகர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இந்த நிலையில் சொந்தக்காரப் பையன் ஒருவன் ஒரு செய்தி அனுப்பினான். சர்க்கரையால் கண்ணில் புரை விழுவதற்குக் காரணம் ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற என்சைமாம், அதைத் தடுத்துவிட்டால் புரை வராதாம், எபால்ரெஸ்டாட் என்ற மாத்திரை அதைத்தான் செய்கிறதாம், இந்தியாவிலேயே கிடைக்கிறதாம், அம்மா சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் சேருமாம். மெடிக்கலில் விசாரித்தேன், கிடைக்கும் என்றார்கள். வாங்கவில்லை. இது உண்மையா? தங்கச்சிக்குக் கொடுக்கலாமா? பிறந்த பிறகு பிள்ளைக்குக் கொடுக்கலாமா? தாய்க்குச் சுகர் இருப்பதால் இந்தப் பிள்ளைக்குப் புரை வரும் வாய்ப்பு கூடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உயிர்வேதியியல் ஆசிரியை:

அண்ணாச்சி, முதலில் ஒன்று. அந்த மாத்திரையைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடாதீர்கள். நான் டாக்டர் இல்லை, கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன், ஆனால் இந்த என்சைம் நான் வருஷா வருஷம் பாடம் எடுக்கிற ஒன்று என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

அந்தப் பையன் அனுப்பிய செய்தியில் பாதி உண்மைதான். கண்ணின் லென்சுக்குள் குளுக்கோஸோ, பால் சர்க்கரை உடைந்து வருகிற காலக்டோஸோ அளவுக்கு மீறிப் போனால் ஆல்டோஸ் ரிடக்டேஸ் அதைப் பிடித்து வேறு ஒரு பொருளாக மாற்றுகிறது. குளுக்கோஸ் சார்பிட்டால் ஆகும், காலக்டோஸ் காலக்டிடால் ஆகும். இவை லென்சின் செல்லைவிட்டு எளிதில் வெளியே போகாது, உள்ளேயே தங்கித் தண்ணீரை இழுக்கும். ஊறவைத்த பயறு மாதிரி செல் உப்பி, கடைசியில் நார்கள் சிதைந்து லென்ஸ் வெளுத்துப்போகிறது. புரை விழுந்த எலிகளின் லென்சில் இந்தப் பொருள்கள் சேர்ந்திருப்பதை 1959-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ரூத் வான் ஹெய்னிங்கன் என்ற அம்மையார் கண்டு சொன்னார், அதற்கு மேல் இந்தத் தண்ணீர் இழுக்கும் கணக்கை அமெரிக்காவில் ஜின் கினோஷிடா நிறுவினார். சினை எலிகளுக்குக் காலக்டோஸ் அதிகமாகக் கொடுத்தால் குட்டிகள் புரையோடே பிறப்பதையும் பார்த்திருக்கிறார்கள்.

இதில் உங்கள் மருமகள் விஷயத்துக்கு நேராக வருகிற ஒன்று உண்டு. சார்பிட்டாலையாவது வேறொரு என்சைம் மெதுவாக ஃப்ரக்டோஸாக மாற்றிவிடும். காலக்டிடாலை அந்த என்சைம் தொடாது. போதாததற்கு, ஆல்டோஸ் ரிடக்டேஸ் குளுக்கோஸைவிடக் காலக்டோஸைத்தான் விரைவாகப் பிடிக்கும். அதனால்தான் சுகர் உள்ள பெரியவர்களுக்கு வருஷக்கணக்கில் விழுகிற புரை, காலக்டோகைனேஸ் இல்லாத பிள்ளைக்கு வாரக்கணக்கில் விழுந்துவிடுகிறது.

சரி, அப்படியானால் என்சைமைத் தடுக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். ஐம்பது வருஷமாக முயற்சி நடக்கிறது. எலியிலும் நாயிலும் நன்றாக வேலை செய்தது, சுகர் உள்ள நாய்களுக்கு இந்த வகைச் சொட்டு மருந்து விட்டுப் புரையைத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள். ஆனால் எலி லென்சிலும் நாய் லென்சிலும் இந்த என்சைம் மிக அதிகம், மனித லென்சில் குறைவு. மாத்திரைகளின் கதையும் நல்லபடியாக இல்லை. சோர்பினில் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கொடுத்தது. டோல்ரெஸ்டாட் கல்லீரலைக் கெடுத்து உயிர்ப்பலி வரை போனதால் 1996-ல் திரும்பப் பெற்றார்கள். நீங்கள் கேட்கிற எபால்ரெஸ்டாட் ஜப்பானில் 1992-ல் வந்தது, இங்கேயும் கிடைக்கிறது, ஆனால் அது சுகர்காரர்களின் கால் எரிச்சலுக்கும் மதமதப்புக்கும், அதாவது நரம்புப் பாதிப்புக்குக் கொடுப்பது. கண்புரைக்கு இல்லை, கர்ப்பிணிக்கு இல்லை, கைக்குழந்தைக்கும் இல்லை. காலக்டோஸை உடம்பு செரித்துக்கொள்ளாத நோயான காலக்டோசீமியாவுக்கென்றே கோவோரெஸ்டாட் என்று ஒன்றைச் சோதித்தார்கள், ரத்தத்தில் காலக்டிடால் குறைந்தது உண்மை, ஆனாலும் 2024 நவம்பரில் அமெரிக்க மருந்துத் துறை ஒப்புதல் கொடுக்கவில்லை.

பிள்ளைக்குக் காலக்டோஸ் போகாமல் பார்த்துக்கொண்டால் அந்த என்சைமுக்கு வேலையே இல்லை. அதைச் செய்ய மாத்திரை வேண்டாம், முதல் வேளைப் பாலிலிருந்தே கவனம்தான் வேண்டும்.

பாளை கண் பரிசோதகர்:

மேலே அக்கா சொன்னது சரி. நான் கண் பரிசோதனை வேலையில் இருக்கிறேன், என் பக்கத்திலிருந்து தேவையானதைச் சொல்கிறேன்.

தாயும் தகப்பனும் ஆளுக்கு ஒரு பழுதான ஜீனைச் சுமக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்றும் இல்லை, கட்டாயம் வரும் என்றும் இல்லை. சொந்தத்தில் கட்டினால் இரண்டு பேரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடும், நம்ம பக்கத்தில் இது பழகிப்போன விஷயம். தங்கச்சியையோ மாப்பிள்ளையையோ குறை சொல்ல இதில் எதுவுமே இல்லை, வீட்டில் யாராவது பேசினால் அண்ணன் என்ற முறையில் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

பிள்ளை பிறந்த முதல் இரண்டு நாளுக்குள் கண்மணியில் வெளிச்சம் அடித்துச் சிவப்பு ஒளி சீராகத் திரும்புகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை. பிறகு கண் டாக்டரிடம் மணியை விரிக்கும் சொட்டு விட்டு ஒரு தடவை, ஒரு மாதத்தில் மறுபடி. இதை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துப் பாலை நிறுத்தினால் லேசான புரை தானாகவே தெளிந்துவிடும், நான் எழுதுவதிலேயே முக்கியமானது இதுதான். காலக்டோஸ் புரைக்கு இப்படி ஒரு வழி உண்டு, மற்ற புரைகள் பெரும்பாலானவற்றுக்குக் கிடையாது. தாமதமானால் ஆபரேஷன்தான், அதையும் இரண்டு கண்ணிலும் அடர்த்தியான புரை என்றால் ஏறக்குறைய 8 வாரத்துக்குள் செய்துவிடப் பார்ப்பார்கள், ஏனென்றால் அந்த வயதில் கண் பார்த்துப் பழகாவிட்டால் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். உங்கள் மருமகளின் இடது கண்ணுக்கு ஆனது அதுவாகத்தான் இருக்கும். டாக்டர் நல்ல கண்ணை மூடிவைக்கச் சொல்லியிருந்தால் அவள் எவ்வளவு அழுதாலும் விட்டுவிடாதீர்கள், இரண்டரை வயது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது.

தாயின் சுகர் பற்றிக் கேட்டீர்கள். தாய்க்குச் சுகர் என்பதால் மட்டும் பிள்ளைக்குப் புரை வருவது மிக மிக அபூர்வம். அது குளுக்கோஸ், இது காலக்டோஸ், இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தங்கச்சிக்குச் சில நேரம் பார்வை மங்கலாகத் தெரிந்தால் அது சர்க்கரை ஏறி இறங்குவதால் லென்ஸ் உப்பி வடிவதாக இருக்கலாம், சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் சரியாகும், அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி மாற்ற வேண்டாம். ஆனால் மங்கலோடு தலைவலியும் முகவீக்கமும் சேர்ந்தால் அது ரத்த அழுத்தமாக இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலும் கண் பிரிவும் குழந்தைகள் பிரிவும் உண்டு, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பஸ் இருக்கிறது.

அம்பைக்காரர்:

மாத்திரை வேண்டாம் என்பது சரிதான். ஆனால் நெல்லிக்காயும் மஞ்சளும் இதே என்சைமைத் தடுக்கிறது என்று ஹைதராபாத் தேசிய உணவூட்ட நிறுவனத்திலேயே ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்களே. பாபநாசம் பக்கம் மலை நெல்லிக்காய் மலிவாகக் கிடைக்கிறது. மாத்திரைக்குப் பதில் தங்கச்சிக்கு மஞ்சள் சூரணமும் நெல்லிச் சாறும் தினமும் கொடுத்தால் என்ன? இயற்கையானதுதானே, கெடுதல் ஒன்றும் வராது.

உயிர்வேதியியல் ஆசிரியை:

அண்ணாச்சி, நீங்கள் நல்ல மனதோடு சொல்கிறீர்கள், அந்த ஆராய்ச்சியும் உண்மைதான், நானே வகுப்பில் சொல்வேன். ஆனால் அதே நிறுவனத்தின் எலி ஆராய்ச்சி ஒன்றை முழுதாகப் பார்க்க வேண்டும். காலக்டோஸ் கொடுத்த எலிகளின் தீனியில் மஞ்சளின் சத்தான குர்குமினை 0.002 சதவீதம் கலந்தபோது புரை தள்ளிப்போனது. 0.01 சதவீதமாகக் கூட்டியபோது புரை முற்றுவது இன்னும் வேகமாகிவிட்டது. அதாவது அளவு கூடினால் திசை மாறுகிறது. ஆகையால் குழம்பில் போடுகிற மஞ்சள், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய், அது நம் சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடட்டும். சூரணமாகவோ மாத்திரையாகவோ கர்ப்பிணிக்குக் கொடுப்பது வேறு. அதைவிட, இந்தப் பிள்ளையின் விஷயத்தில் தாய் என்ன சாப்பிடுகிறாள் என்பதைவிடப் பிறந்த பிறகு பிள்ளை என்ன குடிக்கிறது என்பதுதான் பெரிது.

தென்காசி அம்மா:

என் மகனுக்குக் காலக்டோசீமியா, அதில் இன்னும் கடுமையான வகை, கல்லீரலையும் சேர்த்துத் தாக்குவது. பிறந்த ஒன்பதாம் நாள் கண்டுபிடித்தார்கள், பிழைத்துக்கொண்டான், இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறான். இரண்டாவது பிரசவத்தின்போது நாங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்தோம், அதை உங்கள் தங்கச்சிக்காக எழுதுகிறேன் தம்பி.

இப்போதே, இந்த ஏழாம் மாதத்திலேயே, முதல் பிள்ளையின் ரிப்போர்ட்டை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டுப் பிரசவம் பார்க்கிற டாக்டரிடமும் குழந்தை டாக்டரிடமும் காட்டிவிடுங்கள். முதல் பிள்ளைக்கு ஜீன் சோதனை எடுத்திருந்தால் அந்தத் தாள் தங்கம் மாதிரி, இரண்டாவது பிள்ளைக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், சீக்கிரம் பதில் வரும். எடுக்கவில்லை என்றால் இப்போதே எடுக்கலாமா என்று கேளுங்கள். பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தத்தில் என்சைம் சோதனைக்கு அனுப்பலாமா, எந்த லேபுக்கு, எந்தக் குழாயில், ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் யார் எடுத்துப் போவார்கள் என்பதுவரை பேசிவைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பிள்ளைக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் அதற்கு முன்னாலேயே சோதனைக்கு எடுத்துவிட வேண்டும், ஏற்றிய பிறகு எடுத்தால் கொடுத்தவருடைய என்சைம்தான் தெரியும்.

ரிசல்ட் வரும் வரைக்கும் பிள்ளைக்கு என்ன கொடுப்பது? இங்கேதான் உங்கள் தங்கச்சியின் சுகர் உள்ளே வருகிறது. சுகர் உள்ள தாய்க்குப் பிறக்கிற பிள்ளைக்குப் பிறந்த சில மணி நேரத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம், அதனால் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்கச் சொல்வார்கள். இந்தப் பிள்ளைக்கு ரிசல்ட் தெரியாமல் தாய்ப்பாலைக் கொடுக்கவும் தயக்கம், பட்டினி போடவும் முடியாது. அதனால் சோயா பால்பவுடர் பிரசவ அறையிலேயே இருக்க வேண்டும், டாக்டர் எழுதிக் கொடுத்து முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நம்ம ஊர்க் கடைகளில் கேட்டவுடன் கிடைக்காது, சொல்லிவைத்துத்தான் வரவழைக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்தால் சோயா ஒத்துவராது, அதற்கு வேறு ஏற்பாடு என்ன என்றும் கேட்டுவையுங்கள். டப்பாவில் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, இல்லாதது என்று போட்டிருக்கிற பசும்பால் பவுடரை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். கடையில் விற்கிற லாக்டோஸ் இல்லாத பாலும் அப்படித்தான், அதில் லாக்டோஸை முன்கூட்டியே உடைத்திருப்பார்கள், உடைந்த காலக்டோஸ் அதிலேயே இருக்கும். பால் செரிக்காதவர்களுக்கு அது நல்லது, நம் பிள்ளைகளுக்கு இல்லை. தயிர், மோரும் அதே கதைதான்.

அந்த இரண்டு மூன்று நாளும் தங்கச்சி பாலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கட்டும், சீம்பாலை ஃப்ரீசரில் எடுத்து வையுங்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது என்று ரிசல்ட் வந்தால் உடனே தாய்ப்பாலுக்குத் திரும்பிவிடலாம். நாலில் மூன்று பங்கு அப்படித்தான் வரும். என் மகளுக்கு அப்படித்தான் வந்தது, ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வயது வரை தாய்ப்பால் குடித்தாள். பீய்ச்சாமல் விட்டிருந்தால் பால் வற்றியிருக்கும்.

முக்கூடல்காரன்:

எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன், தங்கச்சி அழுதுவிட்டாள், ஆனால் இது பயந்த அழுகை இல்லை. மாத்திரைப் பேச்சை விட்டாயிற்று. இன்னும் இரண்டு கேள்வி. தங்கச்சி இப்போதே பாலை நிறுத்திவிட வேண்டுமா, தினம் இரண்டு வேளை பால் குடிக்கிறாள். அப்புறம், சிறுநீரில் ஏதோ சுலபமான சோதனை இருக்கிறதாமே, அதை வீட்டிலேயே செய்ய முடியுமா?

உயிர்வேதியியல் ஆசிரியை:

தங்கச்சிக்கு ஒரு நல்ல ஜீன் இருக்கிறது, அவள் குடிக்கிற பாலின் காலக்டோஸை அவள் கல்லீரலே பெரும்பாலும் முடித்துவிடும். கடுமையான வகையில் தாய் பாலை நிறுத்தியும்கூடக் கருவைச் சுற்றிய நீரில் காலக்டிடால் இருந்திருக்கிறது, ஏனென்றால் கரு தானாகவே கொஞ்சம் காலக்டோஸ் உண்டாக்கிக்கொள்கிறது. அதனால் முற்றாக நிறுத்துவதால் பெரிய பலன் இருப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை. லிட்டர் கணக்கில் குடிக்க வேண்டாம், அவ்வளவுதான், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குறைத்தால் சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை, நெத்திலி என்று ஈடுகட்டட்டும். சுகருக்காகச் சீனியை விட்டுவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறுவது நம் பக்கத்தில் உண்டு, கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

சிறுநீர்ச் சோதனை என்பது பள்ளிக்கூட லேபில் செய்கிற பெனடிக்ட் சோதனைதான். நீலக் கரைசலில் சிறுநீரை விட்டுக் கொதிக்கவைத்தால் காலக்டோஸ் இருந்தால் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். சுகர் பார்க்கிற பட்டை குளுக்கோஸை மட்டும்தான் காட்டும், காலக்டோஸுக்கு நிறம் மாறாது. பெனடிக்டில் நிறம் மாறி, பட்டையில் மாறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பிள்ளை பால் குடிக்காமல் சோயாவில் இருக்கும்போது எடுத்தால் ஒன்றும் தெரியாது, சந்தேகம் இல்லை என்று தப்பாக நினைத்துவிடுவோம். ஆகவே இதை வீட்டில் செய்து முடிவெடுக்க வேண்டாம், ரத்தத்தில் என்சைம் பார்ப்பதுதான் முடிவு.

தென்காசி அம்மா:

தம்பி, ஒன்று விட்டுவிட்டேன். பிரசவ வார்டில் நாம் கண் அசந்த நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். வீட்டில் பெரியவர்கள் சேனை, அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் வைக்கிற இனிப்பு, தொட்டு வைப்பார்கள், பாலில் கலந்து வைத்துவிட்டால் அவ்வளவுதான். பக்கத்துக் கட்டில்காரி அன்போடு தன் பாலைக் கொடுப்பாள். வீட்டுக்குப் போனால் தெருவில் கழுதைப்பால் கொண்டுவருவார்கள், சளி பிடிக்காது, குரல் நன்றாக வரும் என்று ஒரு சங்கு ஊற்றிவிடுவார்கள், அதிலும் பால் சர்க்கரை ஏராளம். என் மாமியாரிடம் நான் முன்பே உட்கார்ந்து பேசினேன். முதல் பிள்ளையின் கண்ணாடியைக் கையில் கொடுத்து, இதனால்தான் அத்தை என்று சொன்னேன். அதற்குப் பிறகு பிள்ளைப் பக்கம் யாரையும் அண்டவிடாமல் காவல் இருந்தது அவர்தான். ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "டாக்டர் சொல்லாமல் எனக்குப் பால், சேனை, எதுவும் தராதீர்கள்" என்று எழுதித் தொட்டிலில் கட்டிவிட்டோம். நர்சுகள் ஷிப்டு மாறும்போது அது ரொம்ப உதவியாக இருந்தது.

பெரிய பிள்ளைக்குச் சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். சொதி வையுங்கள், தேங்காய்ப்பாலில் பால் சர்க்கரை கிடையாது. என் மகன் வாரம் இரண்டு நாள் அதைத்தான் கேட்பான். பிரசவத் தேதி நெருங்கும்போது இங்கே ஒரு வரி போடுங்கள், எங்களிடம் பிரிக்காத சோயா டப்பா இருந்தால் தேதி பார்த்து பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.